எண்ணிக்கை ஏறிய பிறகு

எலும்பு மஜ்ஜை மாற்று நடந்த வார்டில் எல்லாரும் காத்திருப்பது ஓர் எண்ணுக்காக. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500ஐத் தாண்ட வேண்டும். தாண்டி, தொடர்ந்து மூன்று நாள் அதற்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். மாற்றுக்கு முன் கொடுத்த கடுமையான மருந்துகளில் பழைய மஜ்ஜை அழிந்து, அந்த எண் பூஜ்யத்தை ஒட்டியே இரண்டு மூன்று வாரம் கிடந்திருக்கும். வாயெல்லாம் புண், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும் தட்டணுக்கள் என்று நகர்ந்த நாட்கள் அவை. பிறகு ஒரு காலை 80 என்று வரும். மறுநாள் 200. அதற்கடுத்த நாட்களில் 450, 700. “கவுன்ட் ஏறிடுச்சு” என்ற இரண்டு சொல்லுக்காகக் குடும்பமே தவமிருந்திருக்கும்.

அந்த மகிழ்ச்சி நியாயமானது. கிருமிகளோடு போராட உடலுக்குப் படை திரும்பிவிட்டது. ஆனால் ரத்த அணுக்களை எண்ணும் கருவிக்கு அணுவின் அளவும் உள்ளமைப்பும்தான் தெரியும். அது யாருடைய அணு என்பது தெரியாது. மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்து எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் கடைசிச் செல் வரை கொன்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ரத்த அணுக்களை உண்டாக்கும் கொடையாளரின் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் குடியேறியிருக்கலாம். அல்லது அவை நிலைக்காமல் போய், தப்பிப் பிழைத்த நோயாளியின் சொந்தச் செல்களே மறுபடி பெருகியிருக்கலாம். இரண்டு தரப்பும் சேர்ந்தே வளர்ந்துகொண்டிருக்கலாம். மூன்றிலும் எண்ணிக்கை ஏறும். மூன்றிலும் நோயாளி தெம்பாக எழுந்து உட்காருவார்.

அதனால்தான் முப்பதாவது நாளையொட்டி இன்னொரு குழாய் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். கைமெரிசம் டெஸ்ட் என்று அதற்குப் பெயர். சிங்கமும் ஆடும் பாம்பும் ஒன்றாகக் கலந்த கைமிரா என்ற விலங்கு கிரேக்கப் புராணத்தில் உண்டு. இருவருடைய செல்கள் ஓருடலில் வாழும் நிலைக்கு அறிவியலாளர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நூறு செல்லில் எத்தனை கொடையாளருடையவை என்று இந்தச் சோதனை விழுக்காட்டில் சொல்கிறது. 100 வந்தால் வெற்றி, 60 வந்தால் தோல்வி என்று குடும்பங்கள் நினைத்துக்கொள்வது இயல்பு. பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணைப் பார்த்துப் பழகிய நமக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றாது. ஆனால் 60 வைத்துக்கொண்டு முழு நலத்தோடு வாழ்கிறவர்கள் உண்டு. 100 வந்தும் நோய் திரும்பியவர்கள் உண்டு. அது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

“இது யாருடைய செல்?” என்ற கேள்வி மனிதர்களிடம் வருவதற்கு முன் எலிகளிடம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அணுகுண்டின் கதிர்வீச்சு உடலை எப்படிக் கொல்கிறது என்று பல ஆய்வகங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள். 1949இல் சிகாகோவில் லியான் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு, உயிரைக் குடிக்கும் அளவு கதிர்வீச்சைப் பாய்ச்சினார். எலிகள் பிழைத்தன. எலிக்கு மண்ணீரலிலும் ரத்தம் உற்பத்தியாகும். 1951இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஈகான் லோரென்ஸ் குழுவினர், கதிர்வீச்சு பட்ட எலிக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஊசியால் ஏற்றினாலும் அது பிழைக்கிறது என்று காட்டினார்கள். பிழைப்பது உண்மை, ஏன் பிழைக்கிறது என்பதில்தான் சண்டை. மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் சுரக்கிறது, அது எலியின் சொந்த மஜ்ஜையைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்றார்கள் ஜேக்கப்சன் பக்கத்தவர்கள். இல்லை, ஏற்றிய செல்களே குடியேறிப் பெருகுகின்றன என்றார்கள் மற்றவர்கள். பிழைத்த எலியைப் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. இரண்டு விளக்கத்திலும் எலி ஒரே மாதிரிதான் பிழைத்திருக்கும்.

தீர்ப்பு 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்திலிருந்து வந்தது. சார்லஸ் ஃபோர்டு, ஜான் ஹேமர்ட்டன், பார்ன்ஸ், ஜான் லூட்டிட் ஆகிய நால்வர் அதைச் செய்தார்கள். எலியின் நாற்பது குரோமோசோம்களும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒரே சாயலில் தெரியும். ஆனால் ஹார்வெல்லில் டி6 என்றொரு எலி வம்சம் இருந்தது. அதன் இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதில், ஒன்று மட்டும் கண்ணில் படும்படி மிகச் சிறியதாகிவிட்டது. கொடுப்பது, பெறுவது இரண்டில் ஒரு தரப்பிடம் மட்டும் இந்தக் குட்டிக் குரோமோசோம் இருக்கும்படி அமைத்துக்கொண்டால் போதும். பிறகு பிரிந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு செல்லையும் பார்த்து இது யாருடையது என்று சொல்லிவிடலாம். பார்த்தார்கள். பிழைத்த எலிகளின் மஜ்ஜையில் கொடுத்த எலியின் செல்கள் பெருகிக்கொண்டிருந்தன. மர்ம ரசாயனம் என்ற கருத்து அத்தோடு வலுவிழந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே அந்த எலிகளைக் கதிர்வீச்சுக் கைமிராக்கள் என்று அழைத்தார்கள். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்ற புதிய கண்டுபிடிப்பை அதே ஆண்டில் உறுதிசெய்ததும் இந்த ஃபோர்டும் ஹேமர்ட்டனும்தான். குரோமோசோமைக் கண்ணால் எண்ணுவதில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சிதான் மஜ்ஜை மாற்று என்ற சிகிச்சைக்கே அடித்தளம் போட்டது. செய்யும் கை எவ்வளவு முக்கியமோ, நடந்ததைக் கண்டுபிடிக்கும் கண்ணும் அவ்வளவு முக்கியம் என்று நான் நம்புவதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.

இயற்கை இதை அதற்கு முன்பே செய்து வைத்திருந்தது என்பது இன்னும் வியப்பு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மாட்டு ரத்தப் பிரிவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ரே ஓவனிடம் விநோதமான ஓர் இரட்டைக் கன்று வழக்கு வந்தது. ஒரே ஈற்றில் பிறந்த கன்றுகள், ஆனால் தகப்பன் காளைகள் வேறு வேறு. நிறத்திலேயே அது தெரிந்தது. ரத்தத்தைச் சோதித்தால் இரண்டு கன்றுக்கும் ஒரே முடிவு. ஒவ்வொன்றின் உடலிலும் இரண்டு தகப்பன்களின் அடையாளமும் இருந்தது. கருப்பையில் இரட்டையரின் ரத்தக் குழாய்கள் இணைந்துபோயிருக்கின்றன என்பதோடு ஓவன் நிற்கவில்லை. சிவப்பணு சில மாதங்களில் செத்துவிடும். வளர்ந்த மாட்டிலும் இந்தக் கலப்பு இருக்கிறதென்றால், அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களே இடம்மாறிக் குடியேறியிருக்க வேண்டும் என்று 1945இல் எழுதினார். ஸ்டெம் செல் இன்னதென்று யாரும் காட்டியிராத காலத்தில், மாட்டு ரத்தத்தை வைத்து அவர் எட்டிய முடிவு இது.

மனிதர்களிடம் முதல் முயற்சிகள் சோகமானவை. டோனல் தாமஸ் 1957இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியதைப் பற்றி எழுதினார். யாரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் யுகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து நடந்து, கதிர்வீச்சுக்கு ஆளானவர்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் மாத்தே ஐந்து பேருக்குப் பிறர் மஜ்ஜையை ஏற்றினார். நால்வர் பிழைத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் கொடையாளரின் சிவப்பணுக்கள் கொஞ்ச காலம் தெரிந்தன, பிறகு குறைந்து மறைந்தன, சொந்த மஜ்ஜை திரும்பி வந்தது. மாற்று அவர்களைக் காப்பாற்றியதா, இடைக்காலத்தில் தாங்கிப் பிடித்ததா, அது இல்லாமலே பிழைத்திருப்பார்களா என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. அப்போது கையில் இருந்த ஒரே அளவுகோல் ரத்தப் பிரிவுதான்.

அந்த அளவுகோலுக்கு அழகான வெற்றியும் உண்டு. 1968இல் மினியாபொலிஸில் ராபர்ட் குட் குழுவினர், நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்த ஐந்து மாதக் குழந்தைக்கு அவன் அக்காளின் மஜ்ஜையைக் கொடுத்தார்கள். அவனுக்கு ரத்தப் பிரிவு ஏ, அக்காளுக்கு ஓ. இடையில் அக்காளின் செல்கள் அவனுடைய ஏ வகை அணுக்களைத் தாக்கி, நிலைமை மோசமாகி, இரண்டாம் முறையும் மஜ்ஜை கொடுக்க வேண்டிவந்தது. முடிவில் அவன் பிழைத்தான். அவன் ரத்தம் ஓ பிரிவாகவே மாறிவிட்டது.

ஆனால் ரத்தப் பிரிவை வைத்து எல்லாருக்கும் இப்படித் தெரிந்துகொள்ள முடியாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் பழைய அணுக்கள் மாதக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் வேறு யார்யாரோ தானம் செய்த ரத்தத்தையும் ஏற்றியிருப்பார்கள். உடன்பிறந்தவர் கொடையாளர் என்றால் இருவருக்கும் ஒரே பிரிவாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ஆண் நோயாளிக்குப் பெண் கொடையாளர் என்பது போல் பால் மாறியிருந்தால் இன்னொரு வழி கிடைத்தது: எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கு இரண்டு நிறத்தில் ஒளிரும் சாயம் ஏற்றி, சில நூறு செல்களைப் பார்த்து எண்ணுவது. இது இன்றும் பயன்படுகிறது. ஆனால் அண்ணன் தம்பிக்குக் கொடுத்திருந்தால் என்ன செய்வது?

அதற்கு விடை மருத்துவமனையிலிருந்து வரவில்லை. 1984 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ், ஆளுக்கு ஆள் மாறுபடும் டி.என்.ஏ. கோலத்தை எக்ஸ்-கதிர்ப் படலம் ஒன்றில் கண்டார். குற்றவாளியைக் கண்டுபிடிக்கவும் தந்தை யாரென்று உறுதிசெய்யவும் உலகம் அதை எடுத்துக்கொண்டது. மஜ்ஜை மாற்று செய்தவர்களும் சில ஆண்டுகளிலேயே எடுத்துக்கொண்டார்கள். கொலை நடந்த இடத்தில் கிடந்த ரத்தம் யாருடையது என்ற கேள்வியும் நோயாளியின் நாளத்தில் ஓடும் ரத்தம் யாருடையது என்ற கேள்வியும் ஆய்வகத்துக்கு ஒன்றுதான்.

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் செய்யும் முறை இது. நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் நான்கெழுத்துள்ள ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. தாயிடமிருந்து வந்த பிரதியில் 11 முறை, தந்தையிடமிருந்து வந்ததில் 14 முறை என்று இருக்கலாம். எஸ்.டி.ஆர். என்று அழைக்கப்படும் இப்படிப்பட்ட பதினைந்து பதினாறு இடங்களை ஒரே சமயத்தில் பி.சி.ஆர். முறையில் பல கோடிப் பிரதி எடுத்து, மயிரிழைக் குழாய்க்குள் மின்புலத்தில் ஓடவிடுகிறார்கள். நீளம் குறைந்தது முன்னால் வரும், கூடியது பின்னால் வரும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு முகடாக எழும். உடன்பிறந்தோர் பல இடங்களில் ஒத்திருப்பார்கள் என்பதால்தான் இத்தனை இடங்கள் வேண்டியிருக்கின்றன. இருவரும் வேறுபடும் சில இடங்களாவது கிடைத்தால்தான் கணக்குப் போட முடியும்.

நோயாளிக்கு 11, 14. கொடையாளருக்கு 12, 17 என்று வைத்துக்கொள்வோம். மாற்றுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் 12, 17 முகடுகளின் பரப்பு தலா 5,700. 11, 14 முகடுகளின் பரப்பு தலா 300. மொத்தம் 12,000இல் கொடையாளர் பங்கு 11,400. 95 விழுக்காடு. கணக்கு இவ்வளவுதான். ஆனால் பிரதியெடுக்கும் நொதி, ஜெபமாலை உருட்டுகிறவர் ஒரு மணியைத் தவறவிடுவது போல, சில சமயம் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுவிடும். 12 இருக்க வேண்டிய இடத்தில் சிறிதளவு 11 உண்டாகும். நோயாளியின் முகடும் அதே 11இல் இருந்தால், அது நோயாளியின் செல்லா, நொதியின் பிழையா என்று தெரியாது. என் உதாரணத்தில் வேண்டுமென்றேதான் 11ஐயும் 12ஐயும் பக்கத்தில் வைத்தேன்; நடைமுறையில் இப்படிப்பட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தை எடுப்பார்கள். இதனாலும் வேறு காரணங்களாலும் நூற்றில் ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள கலப்பைத்தான் இந்த முறையால் நம்பிச் சொல்ல முடிகிறது.

இனி அந்த எண்ணை வாசிக்கும் விஷயத்துக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது, எந்தச் செல்லில் எடுத்த எண் என்பது. ரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏறத்தாழ ஒரு நாள்தான் இருக்கும். ஆகவே அதிலுள்ள டி.என்.ஏ., மஜ்ஜை இப்போது யாருடைய செல்லை உற்பத்தி செய்கிறது என்று சொல்கிறது. டி செல் என்ற லிம்ஃபோசைட்டோ ஆண்டுக் கணக்கில் வாழக்கூடியது. மாற்றுக்கு முந்திய டி செல்கள் மருந்துக்குத் தப்பி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். முழு ரத்தத்தை எடுத்தால் இந்த வேறுபாடு அமுங்கிப்போகும். 5,000 வெள்ளையணுவில் 250 டி செல் என்று கொள்வோம். அதில் நூறு நோயாளியுடையது, அதாவது 40 விழுக்காடு. மொத்தத்தில் அது வெறும் 2 விழுக்காடு. முழு ரத்தச் சோதனையில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் கொடையாளரின் மஜ்ஜையைத் தாக்கி விரட்டக்கூடிய படையே அந்த நூறு செல்தான். அதனால் காந்தத் துணுக்குகளில் ஒட்டிய எதிர்ப்பொருள்களைக் கொண்டு டி செல்களை ஒரு பக்கமும் நியூட்ரோஃபில் வகையை ஒரு பக்கமும் பிரித்து, தனித்தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்துச் செய்யும் மாற்றுகளில் இது மிகவும் தேவை. அங்கே டி செல்களின் கலப்பு பல மாதம் நீடிப்பது சாதாரணம்.

அடுத்து, எந்த நோய் என்பது. இங்கே தலசீமியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தியாவில் மஜ்ஜை மாற்றின் வரலாற்றோடு அது நெருங்கிப் பிணைந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் மஜ்ஜை மாற்று தொடங்கியது முதல், பிறந்த சில மாதங்களிலிருந்தே மாதாமாதம் ரத்தம் ஏற்றி வாழும் தலசீமியாக் குழந்தைகள் அங்கே பெரும் எண்ணிக்கையில் வருகிறார்கள். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதக் கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களை வேலூர்க்காரர்கள் அறிவார்கள். அந்தப் பெற்றோர்களுக்கு கைமெரிசம் விழுக்காடு தூக்கத்தைக் கெடுக்கும் எண்.

தலசீமியாவில் மாற்றை ஒரு சிகிச்சையாக நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் இத்தாலியின் பெசாரோ நகரத்து மருத்துவர் குய்டோ லூக்கரெல்லி. அவருடைய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த இத்தாலியக் குழுவினர் இரண்டு உண்மைகளைக் கண்டார்கள். முதலாவது கவலைக்குரியது. மாற்று நடந்து இரண்டு மாத அளவில் நோயாளியின் சொந்தச் செல்கள் 25 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், ஏறத்தாழ எல்லாருக்குமே மாற்று மஜ்ஜை தோற்றுப் பழைய நோய் திரும்பியது; 10க்குக் கீழ் இருந்தவர்களில் அந்த ஆபத்து குறைவு. இரண்டாவது யாரும் எதிர்பாராதது. இந்தக் கலப்போடு இரண்டு ஆண்டைத் தாண்டியவர்களில் பலருக்கு அது அப்படியே நிலைத்துவிட்டது. வெள்ளையணுக்களில் கொடையாளர் பங்கு 20, 30 விழுக்காடுதான் என்ற நிலையிலும் சிலர் ரத்தம் ஏற்றாமல் நல்ல ஹீமோகுளோபினோடு வாழ்ந்தார்கள்.

நூற்றில் இருபது முப்பது எப்படிப் போதுமானது? சிவப்பணுக்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. அவற்றில் பெரும்பான்மை கொடையாளருடையவை. தலசீமியா மஜ்ஜை சோம்பேறி மஜ்ஜை அல்ல; அளவுக்கு மீறி உழைக்கும் மஜ்ஜை. ஆனால் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலி சரியாக உற்பத்தியாகாததால், துணையில்லாமல் மிஞ்சும் மற்றச் சங்கிலி செல்லுக்குள் படிந்து அதைக் கொல்கிறது. உருவாகும் சிவப்பணுக்களில் பெரும்பாலானவை மஜ்ஜையை விட்டு வெளியே வராமலே சாகின்றன. வந்தவையும் நெடுநாள் தாங்குவதில்லை. கொடையாளரின் செல்களுக்கு இந்தக் குறை இல்லை. ஆகவே மஜ்ஜையில் சிறுபான்மையாக இருந்தும் ரத்த ஓட்டத்தில் அவை பெரும்பான்மையாகிவிடுகின்றன. சிக்கிள் செல் நோயிலும் இப்படித்தான். அங்கே நோயுற்ற சிவப்பணு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. கொடையாளரின் பங்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் நோயின் வெளிப்பாட்டைத் தடுக்க முடிகிறது என்று 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஆகவே தலசீமியாக் குழந்தையின் தாளில் 70 என்று பார்த்து ஒரு தாய் அழுதால், இது முந்திய தடவை எத்தனை இருந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். 95இலிருந்து 85 ஆகி 70க்கு வந்திருந்தால் அது இறங்குமுகம். எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்தின் அளவை மாற்றுவது முதல் பல முடிவுகளை உடனே எடுக்க வேண்டும். ஓராண்டாக 70இலேயே நின்று, ஹீமோகுளோபினும் நன்றாக இருந்தால், அந்தக் குழந்தையை நிம்மதியாகப் பள்ளிக்கு அனுப்பலாம்.

ரத்தப் புற்றுநோயில் இந்த நிம்மதி கிடையாது. அங்கே நோயாளியின் செல் என்பது வெறும் பழைய செல்லாகவும் இருக்கலாம், புற்றுச் செல்லாகவும் இருக்கலாம். சோதனை நோயாளியின் செல்லை எண்ணுகிறதே தவிர, புற்றுநோயை எண்ணுவதில்லை. இருந்தும் அது எச்சரிக்கை தருகிறது. கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள் எஞ்சிய புற்றுச் செல்களைத் தேடிக் கொல்வதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர். நோயாளியின் செல்கள் பெருகத் தொடங்கினால், அந்தக் காவல் தளர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். ஜெர்மனியில் பீட்டர் பாடர் குழுவினர் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை அடிக்கடி சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவானது: நோயாளியின் செல் பங்கு அடுத்தடுத்த சோதனைகளில் ஏறிக்கொண்டே போன குழந்தைகளுக்குத்தான் நோய் திரும்பும் ஆபத்து பெரிது.

எச்சரிக்கை வந்தால் செய்யவும் வழி இருக்கிறது. சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தைக் குறைத்துக் கொடையாளரின் செல்களை அவிழ்த்துவிடலாம். அது போதாவிட்டால் கொடையாளரிடமே மறுபடி போய் லிம்ஃபோசைட்டுகளை வாங்கி வந்து ஏற்றலாம். 1990இல் ம்யூனிக்கின் ஹான்ஸ்-யோகெம் கோல்ப், மாற்றுக்குப் பின் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் திரும்பிய மூவருக்கு இப்படிச் செய்து, நோய் மறைந்ததைக் காட்டினார். இப்படிக் கொடையாளரின் வெள்ளையணுக்கள் பலித்தன. ஆனால் அதே செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கவும் செய்யும். உயிரைப் பறிக்கும் அளவுக்கும் அது போகும். அதனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்குப் பத்து லட்சம், ஒரு கோடி என்று சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் மறுபடி கைமெரிசம் சோதனை. இந்த இடத்தில் விழுக்காடு மருந்தின் அளவையே தீர்மானிக்கிறது. இவ்வளவு பொறுப்பு ஓர் எண்ணின் மேல் விழும்போது, அதை ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்து முடிவு செய்யும் மருத்துவர் யாரும் இருக்கக் கூடாது.

எண் ஏமாற்றும் இடங்களும் உண்டு. 1971இல் சியாட்டிலைச் சேர்ந்த ஃபியால்கோ குழுவினர், சகோதரனின் மஜ்ஜையைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பியதைப் பற்றி எழுதினார்கள். புற்றுச் செல்களைப் பார்த்தால் எக்ஸ், ஒய் இரண்டும் இருந்தன. நலமான சகோதரனிடமிருந்து வந்த செல்களே அவள் உடலில் புற்றாக மாறியிருந்தன. இது மிக அரிது. ஆனால் நடந்தால், கொடையாளர் 100 விழுக்காடு என்று சொல்லும் அதே தாளுக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கும். இன்னொரு தந்திரத்தை 2009இல் மிலானின் லூக்கா வாகோ குழுவினர் கண்டுபிடித்தார்கள். பாதி மட்டும் பொருந்தும் உறவினரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களில், கொடையாளரின் டி செல்கள் நோயாளியிடமுள்ள, தங்களோடு பொருந்தாத எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளத்தைப் பார்த்துத்தான் புற்றுச் செல்லைத் தாக்கும். சில புற்றுச் செல்கள், ஆறாம் குரோமோசோமின் அந்தப் பகுதியைத் துறந்துவிட்டு, கொடையாளரோடு ஒத்த மற்றப் பகுதியை இரட்டித்துக்கொண்டன. டி செல்லின் கண்ணுக்கு அவை மறைந்துவிட்டன. எச்.எல்.ஏ. வேறுபாட்டை மட்டும் நம்பி எண்ணுகிற சோதனைக்கும் அவை மறைந்துவிடும். இவர்களுக்குக் கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகளை மேலும் ஏற்றுவதால் பக்கவிளைவு வருமே தவிரப் பயனில்லை.

இப்போது ஆயிரத்தில் ஒரு செல்லையும் அதற்குக் குறைவாகவும் கண்டுபிடிக்கும் முறைகள் வந்துவிட்டன. கண் கூர்மையானதில் புதிய சிக்கலும் வந்தது. 0.2 விழுக்காடு நோயாளியின் செல் என்று வந்தால் அது திரும்பும் புற்றா, வயதான ஒரு டி செல்லா, ஊசி குத்தும்போது நாளச் சுவரிலிருந்து உரிந்து வந்த செல்லா? நாளச் சுவரும் தோலும் கடைசிவரை நோயாளியுடையவைதானே. செல்களைப் பிரித்துப் பார்ப்பது, அந்தப் புற்றுக்கே உரிய மரபணுத் தடயத்தைத் தனியே தேடுவது, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பது என்று மூன்றையும் சேர்த்துத்தான் விடை காண்கிறார்கள்.

இத்தனைக்கும் அடிப்படை, மாற்றுக்கு முன் எடுத்துவைத்த நோயாளியின் டி.என்.ஏ. மாதிரி. அதை எடுக்க மறந்துவிட்டால் பின்னால் பெரும்பாடு. எச்சிலிலும் கன்னத்தின் உட்புறச் சுரண்டலிலும் கொடையாளரின் வெள்ளையணுக்கள் கலந்துவிடும். முடியின் வேர்தான் ஓரளவு நம்பத்தக்கது. இதே குழப்பம் தடயவியலிலும் வந்தது. 2004இல் அலாஸ்காவில் ஒரு பாலியல் குற்ற வழக்கில், விந்தில் கிடைத்த டி.என்.ஏ. ஒரு கைதியின் ரத்த மாதிரியோடு பொருந்தியது. ஆனால் குற்றம் நடந்தபோது அவர் சிறைக்குள் இருந்தார். அவருக்கு முன்பே தன் சகோதரனின் மஜ்ஜை மாற்றப்பட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது; ரத்தத்தில் இருந்தது சகோதரனின் டி.என்.ஏ. அலாஸ்கா மாநிலத் தடயவியல் ஆய்வகத்தின் அபிராமி சிதம்பரம் இந்த வழக்கைச் சக ஆய்வாளர்களுக்கு எடுத்துச் சொன்ன பிறகு, மஜ்ஜை மாற்றைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் தடயவியல் துறையில் பரவியது.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதைவிட நெருக்கமான ஓர் இடம் இருக்கிறது. தலசீமியாவுக்கு மாற்று நடந்து குணமான குழந்தைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வருகிறார்கள். அப்போது ரத்தச் சோதனை செய்தால் கொடையாளரின் ஹீமோகுளோபின்தான் தெரியும். கொடையாளர் தலசீமியா மரபணு இல்லாதவராக இருந்தால் இவருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று தாள் சொல்லும். ஆனால் மஜ்ஜை மாறினாலும் விந்தணுவும் கருமுட்டையும் மாறுவதில்லை. தலசீமியாவோடு பிறந்தவரிடமிருந்து பிள்ளைக்குப் போவது, ரத்தத்தில் 100 விழுக்காடு கொடையாளர் என்றிருந்தாலும், குறையுள்ள மரபணுதான். இவர் ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதில் பயனில்லை. கல்யாணத்துக்கு முன் சோதிக்க வேண்டியது, துணையாக வரப்போகிறவர் தலசீமியா மரபணுவைச் சுமக்கிறாரா என்பதை.